காப்பகத்தில் விட்ட நாய் காலொடிந்து திரும்பினால்

கேள்வி: கோத்தகிரியில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். நாத்தனார் கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு திருநெல்வேலி போக வேண்டியிருந்ததால், எங்கள் நாய் மணியைக் குன்னூரை ஒட்டியுள்ள ஒரு நாய்க் காப்பகத்தில் ஆறு நாள் விட்டிருந்தோம். நாளுக்கு 600 ரூபாய் வீதம் 3,600 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். பில் தரவில்லை. ஒரு ஃபார்மில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார்கள். தினமும் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வரும். நாலாம் நாளிலிருந்து படுத்திருக்கிற போட்டோவாகவே வந்தது. கேட்டதற்கு, “ஜம்முனு இருக்கான் மேடம்” என்று பதில் போட்டார்கள். ஆறாம் நாள் கூட்டிவரப் போனால், மணி இடது பின்னங்காலை ஊன்றவே இல்லை. தொடையில் காயம். சுற்றிலும் முடியைக் கத்தரித்து ஊதா மருந்து தடவியிருந்தார்கள். “விளையாடும்போது சறுக்கிட்டான், ரெண்டு நாள்ல சரியாயிடும்” என்றார் நடத்துபவர். கோவைக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்தால் தொடை எலும்பு முறிந்திருக்கிறது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்திருக்கிறார்கள். இதுவரை 46,500 ரூபாய் செலவு. பணம் கேட்டபோது பேச்சு மாறிவிட்டது. “ராத்திரி சிறுத்தை வந்துச்சு, பயந்துபோய் சுவர் ஏறிக் குதிச்சிட்டான், நாங்க என்ன பண்ண முடியும்?” என்கிறார். 3,600ஐத் திருப்பித் தருவாராம், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று நான் எழுதித் தரவேண்டுமாம். மணி தெருவில் கிடந்த குட்டி, ஜாதி நாய் இல்லை. தெரு நாய்க்கு நஷ்ட ஈடா என்று சொந்தக்காரர்களே சிரிக்கிறார்கள். ஃபார்மில் ‘எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று இருந்ததாம், நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். போலீசுக்குப் போவதா, கோர்ட்டுக்குப் போவதா, விட்டுவிடுவதா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோத்தகிரி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவர் நீட்டுகிற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். 3,600 ரூபாயை வாங்கிக்கொண்டு ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால், மீதியைக் கேட்கப் போகும் இடத்திலெல்லாம் அந்தத் தாளைத்தான் முதலில் நீட்டுவார்கள். ஒருவேளை நீங்கள் கேட்காமலே ஜிபேயில் பணத்தைப் போட்டுவிட்டாரானால், அன்றைக்கே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்: ‘இதைக் காப்பகக் கட்டணம் திரும்பி வந்ததாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சிகிச்சைச் செலவும் நஷ்ட ஈடும் பாக்கி இருக்கிறது.’ இந்த இரண்டு வரி போதும்.

விட்டுவிடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். விடவேண்டிய கேஸ் இல்லை இது. ஆனால் எதைப் பிடித்துக்கொண்டு போவது என்பதில் நீங்கள் ஒரு தெளிவுக்கு வரவேண்டும். மணி எப்படி விழுந்தான் என்பதிலேயே உங்கள் கடிதம் முழுக்கச் சுற்றுகிறது. அதை நீங்கள் பார்க்கவில்லை, நிரூபிப்பதும் கஷ்டம். உங்கள் கையில் இருக்கிற வலுவான விஷயம் வேறு. அடிபட்ட பிறகு உங்களிடம் மறைத்தார்கள், டாக்டரிடம் கொண்டுபோகவில்லை. அதற்கான சாட்சியை அவர்களே உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள்.

சொந்தக்காரர்கள் சிரிப்பதற்குப் பதில் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் 39-வது பிரிவு, எதிர்த்தரப்பின் கவனக்குறைவால் நுகர்வோருக்கு ஏற்பட்ட இழப்புக்கும் பாதிப்புக்கும் நஷ்ட ஈடு தரச் சொல்லி உத்தரவிடலாம் என்கிறது. நாய் என்ன ஜாதி, சந்தையில் என்ன விலை போகும் என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. இழப்பு உங்களுடையது. 46,500 ரூபாய் உங்கள் சம்பளத்திலிருந்து போயிருக்கிறது. ‘இந்த நாய்க்கு விலையே கிடையாது, அப்புறம் எதற்கு இவ்வளவு செலவு?’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் கட்டாயம் கேட்பார். அதற்குப் பதில், பராமரிப்புக் கட்டணத்தை நாயின் விலையைப் பார்த்து அவர்கள் வாங்கவில்லை. நாளுக்கு 600 ரூபாய் வாங்கிக்கொண்டு பத்திரமாகப் பார்த்துக்கொள்வதாக ஏற்றார்கள். அந்த வேலையைச் செய்தார்களா இல்லையா என்பதுதான் வழக்கு. மணி உங்கள் நாய்தான் என்று காட்ட வெறிநாய்த் தடுப்பூசிப் புத்தகம், பழைய மருந்துச் சீட்டு, குட்டியிலிருந்து எடுத்த போட்டோக்கள் இருந்தால் போதும். இன்னொன்றையும் சொல்கிறேன். ஜல்லிக்கட்டு சம்பந்தமாக 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில், வலியும் காயமும் இல்லாமல் வாழ்வது விலங்குகளுக்கு உள்ள சுதந்திரங்களில் ஒன்று என்று பேசப்பட்டது. அதில் நாட்டு நாய், சீமை நாய் என்ற பிரிவினை இல்லை. தெருவில் கிடந்த குட்டியை எடுத்து வளர்த்து, கால் ஒடிந்தபோது மலை இறங்கிப்போய் ஆபரேஷன் செய்திருக்கிறீர்கள். அதற்காக யார் முன்னாலும் நீங்கள் கூசவேண்டியதில்லை.

சரி, சட்டத்துக்கு வருவோம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ல் 148 முதல் சில பிரிவுகள் ஒரு உடைமையை இன்னொருவர் பொறுப்பில் ஒப்படைப்பதைப் பற்றிப் பேசுகின்றன. நாயை ‘உடைமை’ என்று சொல்வது கேட்கக் கசப்பாகத்தான் இருக்கும், ஆனால் இந்த இடத்தில் அது உங்களுக்குத் துணை. பொறுப்பேற்றவர், சாதாரண விவேகமுள்ள ஒரு மனிதர் தன் சொந்த உடைமையை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அவ்வளவு கவனத்தோடு பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 151-வது பிரிவு. இதில் நீதிமன்றங்கள் வழக்கமாகக் கைக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. நல்ல நிலையில் ஒப்படைத்தேன், சேதமாகத் திரும்பி வந்தது என்று நீங்கள் காட்டிவிட்டால், நான் கவனமாகத்தான் இருந்தேன் என்று காட்டவேண்டிய பாரம் பொறுப்பேற்றவர் தலையில் விழுகிறது. மேட்டுப்பாளையம் ஸ்டாண்டில் டோக்கன் வாங்கிக்கொண்டு விட்ட பைக் நசுங்கிப்போய் நின்றால், எப்படி நசுங்கியது என்று வண்டிக்காரரா கண்டுபிடித்துச் சொல்லவேண்டும்? அங்கே இருந்தது ஸ்டாண்டுக்காரர். அதே மாதிரிதான் இதுவும். விட்ட அன்று மணி நாலு காலில் நடந்து போனான் என்பதற்கு முதல் நாள் அவர்கள் அனுப்பிய போட்டோவே சாட்சி.

இப்போது நாலாம் நாளிலிருந்து நீங்கள் கூட்டிவரப் போனது வரையிலான அந்த இரண்டு நாளைப் பார்ப்போம். காயத்தைச் சுற்றி முடி கத்தரித்திருந்தது, ஊதா மருந்து தடவியிருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். முடி தானாகக் கத்தரிபடாது. யாரோ உட்கார்ந்து, காயத்தை உற்றுப் பார்த்து, கத்தரிக்கோல் எடுத்து, மருந்து தேடித் தடவியிருக்கிறார்கள். தொடையெலும்பு ஒடிந்த நாயின் காலைத் தொட்டால் அது கத்தும், கடிக்க வரும். அப்படிப்பட்ட காலில் வேலை செய்தவருக்கு, இது சாதாரணச் சிராய்ப்பு இல்லை என்று தெரியாமல் இருந்திருக்க வழியே இல்லை. தெரிந்தும் உங்களுக்கு ஒரு போன் வரவில்லை. அதே நேரத்தில் “ஜம்முனு இருக்கான் மேடம்” என்று செய்தி வருகிறது. நாலாம் நாள், ஐந்தாம் நாள் போட்டோக்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். பின்னங்கால் தெரிகிறதா, துணியால் மூடியிருக்கிறதா, முகத்தை மட்டும் எடுத்திருக்கிறார்களா, முடி கத்தரித்த இடம் ஓரத்திலாவது தெரிகிறதா? தெரிந்தால், அடிபட்டது எந்த நாள் என்பது முடிவாகிவிடும்.

நாய் விழுவது விபத்தாக இருக்கலாம். நல்ல காப்பகத்திலும் நடக்கலாம், அதை ஒப்புக்கொள்கிறேன். விழுந்த நாயை டாக்டரிடம் கொண்டுபோகாமல் இரண்டு நாள் போட்டு வைப்பது விபத்தில்லை. ஒடிந்த எலும்பைத் தாமதித்தால் சுற்றியுள்ள தசை இறுகி எலும்புத் துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக இழுத்துவிடும், சேர்த்து வைப்பது கடினமாகும். திறந்த காயமும் சேர்ந்தால் சீழ் பிடிக்கும் ஆபத்து. குன்னூரில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது, தனியார் டாக்டர்களும் இருக்கிறார்கள். அங்கே கொண்டுபோகாததும் உங்களிடம் சொல்லாததும் தனித்தனியாகவே ‘சேவைக் குறைபாடு’, அதாவது காசு வாங்கிச் செய்யும் வேலையில் வைத்த குறை. ஆகவே நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்கப்போகும் மனுவில் ‘சுவரிலிருந்து விழுந்தது’ என்பதை ஒரு பத்தியோடு முடித்துவிட்டு, மறைத்ததையும் சிகிச்சை தராததையும் விரிவாக எழுதுங்கள். வீழ்ச்சிக்கு அவர் என்ன கதை சொன்னாலும் மௌனத்துக்குக் கதை சொல்ல முடியாது.

கதை என்றதும் சிறுத்தை ஞாபகம் வருகிறது. முதலில் சறுக்கினான், பிறகு சிறுத்தைக்குப் பயந்து குதித்தான். ஒரே காலுக்கு இரண்டு காரணம். முதல் காரணம் வாயால் சொன்னதா, செய்தியில் இருக்கிறதா என்று பாருங்கள். செய்தியில் இருந்தால் நல்லது. வாயால் சொன்னதென்றால், கூட யார் இருந்தார் என்று குறித்து வையுங்கள். சிறுத்தை உண்மையிலேயே வந்ததென்று வைத்துக்கொண்டாலும் அவர் தப்பிக்க முடியாது. ‘கடவுள் செயல்’ என்ற வாதம், யாரும் எதிர்பார்த்திருக்க முடியாத ஒன்றுக்குத்தான் எடுபடும். குன்னூரிலும் கோத்தகிரியிலும் சிறுத்தை நாயைத் தேடி வீட்டு வாசல் வரை வருவது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. இருட்டினால் நாயை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்துவது இங்கே ஒவ்வொரு வீட்டிலும் வழக்கம். காசு வாங்கிக்கொண்டு நாய் வைத்திருப்பவர் அதைவிட ஒரு படி கூடுதலாகவே கவனமாக இருக்கவேண்டும். ராத்திரியில் மணி ஏன் சுவர் ஏறுகிற மாதிரி வெளியே இருந்தான்? கூண்டு இருந்ததா, அதற்குக் கூரை இருந்ததா, தாழ்ப்பாள் இருந்ததா? சிறுத்தை நடமாட்டம் என்றால் வனத்துறைக்குச் சொன்னாரா? மற்ற நாய்களின் சொந்தக்காரர்களுக்கு அன்றிரவைப் பற்றித் தெரிவித்தாரா? சிறுத்தையைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தால் இத்தனை கேள்விக்கும் அவர்தான் பதில் சொல்லியாகவேண்டும்.

அடுத்தது ஃபார்ம். ‘எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று ஒரு வரி போட்டுவிட்டால் எல்லாம் கழிந்துபோயிற்று என்று நடத்துபவர்களும் நினைக்கிறார்கள், கையெழுத்துப் போட்டவர்களும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பத்திரமாகப் பார்த்துக்கொள்வதற்கென்றே காசு வாங்கிவிட்டு, பார்த்துக்கொள்ளாவிட்டாலும் பொறுப்பில்லை என்றால் அப்புறம் அந்தக் காசு எதற்கு? இப்படிப்பட்ட வரிகளுக்கு நீதிமன்றங்கள் மிகக் குறுகிய பொருள்தான் கொள்ளும், ‘கவனக்குறைவு’ என்று அதில் வெளிப்படையாகச் சொல்லாவிட்டால் இன்னும் குறுகலாக. அடிபட்டதை மறைப்பதற்கு அந்த வரியில் அனுமதி எதுவும் இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும். 2019 சட்டத்தில் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று ஒரு தனி வகை உண்டு. ஒரு ஒப்பந்தத்தையே அந்தக் காரணம் சொல்லிச் செல்லாததாக்கக் கேட்பதென்றால் அதை மாநில நுகர்வோர் ஆணையம்தான் விசாரிக்கும், மாவட்ட ஆணையம் இல்லை. உங்கள் மனுவில் அதைக் கோரிக்கையாக வைத்தால், வழக்கு மாவட்ட ஆணையத்துக்கு வராது என்று முதல் நாளே ஆட்சேபணை வரும். சேவைக் குறைபாட்டை மட்டும் கோரிக்கையாக வையுங்கள். ஃபார்மைப் பற்றி அவர்கள் பேசட்டும், பதில் சொல்லிக்கொள்ளலாம். அந்த ஃபார்மின் நகல் உங்களிடம் இல்லாவிட்டால் இப்போதே கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

இந்த வாரமே முடிக்கவேண்டிய ஒரு வேலை இருக்கிறது. கோவையில் ஆபரேஷன் செய்த டாக்டரிடமும், அதற்கு முன் வேறு எங்காவது காட்டியிருந்தால் அங்கேயும் எழுத்தில் ஒரு குறிப்பு வாங்குங்கள். பல டாக்டர்கள் ‘கேஸ்’ என்றாலே தயங்குவார்கள், வாய்தாவுக்கு அலைய வேண்டுமோ என்ற பயம். அதனால், ‘காப்பகத்தின் மேல் தப்பு என்று எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்காதீர்கள், தரமாட்டார்கள், தரவும் கூடாது. பார்த்ததை மட்டும் எழுதச் சொல்லுங்கள். எந்தத் தேதியில், எத்தனை மணிக்குக் கொண்டுவரப்பட்டது, எந்த எலும்பு எப்படி முறிந்திருந்தது, வீக்கம் எவ்வளவு, காயம் அன்றையதா பழையதா, முடி கத்தரித்து மருந்து தடவியிருந்ததா, அதற்கு முன் டாக்டர் யாராவது பார்த்த அடையாளம் உண்டா, தாமதத்தால் சிகிச்சையில் என்ன மாற்றம் வந்தது, இன்னும் என்ன செலவு பாக்கி. இதற்கெல்லாம் ஒரு பக்கம் போதும். டாக்டரின் பதிவு எண்ணும் முத்திரையும் இருக்கட்டும். எக்ஸ்ரே படத்தையும் கேட்டு வாங்கி வையுங்கள், ரிப்போர்ட் மட்டும் போதாது. எலும்பு ஒட்டத் தொடங்கிவிட்டால் காயம் எத்தனை நாளையது என்று பிறகு யாராலும் சரியாகச் சொல்ல முடியாது, அதனால் ஆரம்ப நாள் படத்துக்குத் தனி மதிப்பு.

வாட்ஸ்அப் உரையாடலை ஸ்கிரீன்ஷாட்டாக மட்டும் வைக்காமல், முழுதாக எக்ஸ்போர்ட் செய்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளுங்கள். போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். மனுவில் இணைக்கும்போது, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, இந்தப் பதிவு எந்த போனிலிருந்து எப்படி எடுத்தது என்று சொல்லும் ஒரு சான்றிதழும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் மின்னணுச் சாட்சியைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. ஜிபே ரசீதும் எடுத்து வையுங்கள். பில் தராததைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள், சேவைக்குப் பில் தராமல் இருப்பதையே 2019 சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது.

காப்பகத்தில் சிசிடிவி இருந்தால் அதுதான் முதலில் அழியும். பல இடங்களில் பழைய பதிவின் மேலேயே புதியது பதிவாகிக்கொண்டு போகும். ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரையிலான பதிவை அழிக்காமல் வைத்திருங்கள்’ என்று இன்றைக்கே ஒரு செய்தி அனுப்பி, அதையே ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்புங்கள். தரமாட்டார், பரவாயில்லை. கேட்ட பிறகும் தராவிட்டால், அதில் அவருக்குச் சாதகமாக எதுவும் இல்லை என்று ஆணையம் முடிவு செய்ய இடமுண்டு.

போலீசைப் பற்றி. விலங்கைக் கொல்வது, ஊனமாக்குவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவில் குற்றம், ஐந்து ஆண்டு வரை தண்டனை உண்டு. ஆனால் அதற்கு வேண்டுமென்றே செய்ததாகவோ, கேடு வரும் என்று தெரிந்தே செய்ததாகவோ இருக்கவேண்டும். அடித்ததற்கு அடையாளம் இருப்பதாக டாக்டர் சொன்னால் தயங்காமல் புகார் கொடுங்கள். வெறும் கவனக்குறைவுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. மிருகவதைத் தடைச் சட்டம், 1960-ல் பராமரிப்பில் உள்ள விலங்குக்குத் துன்பம் வராமல் பார்த்துக்கொள்வது கடமை என்று 3-வது பிரிவு சொல்கிறது. மீறினால் முதல் தடவைக்கு 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான் அபராதம். அறுபது வருஷத்துக்கு மேலாகியும் அந்த 50 ரூபாய் உச்சவரம்பு மாறாமல் இருப்பது எனக்குப் பெரிய வருத்தம். உங்கள் பணத்தை மீட்க இரண்டும் உதவாது. பணம் கறப்பதற்காகப் போலீஸ் புகார் கொடுத்ததாக ஒரு பேச்சுக்கும் இடம் கொடுக்கவேண்டாம். உங்கள் இடம் நுகர்வோர் ஆணையம்தான்.

உதகையில் உள்ள நீலகிரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். எந்த ஆணையம் என்பது நீங்கள் கேட்கும் தொகையைப் பொறுத்ததில்லை, சேவைக்குக் கொடுத்த தொகையைப் பொறுத்தது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், நீங்கள் கொடுத்தது 3,600. ஐந்து லட்சம் வரைக்கும் மனுக் கட்டணமே கிடையாது. சம்பவம் நடந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனு போடவேண்டும். வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே வாதாடலாம். இணையத்தில் இ-ஜாக்ரிதி தளத்தில் பதிவு செய்யலாம். வீடியோ மூலம் ஆஜராகவும் சட்டத்தில் வழி இருக்கிறது, பள்ளி வேலையையும் மழைக்காலத்து மலைப்பாதையையும் நினைத்தால் அதைக் கேட்டுப் பெறுவது நல்லது. வக்கீல் வேண்டுமென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தரவேண்டும் என்று 1987-ம் வருஷச் சட்டம் சொல்கிறது, 15100-க்குப் போன் செய்தாலும் வழிகாட்டுவார்கள்.

மனுவுக்கு முன் ஒரு நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள். கட்டாயமில்லை, ஆனாலும் செய்யுங்கள். நடந்ததைத் தேதிவாரியாக எழுதி, தொகையைக் குறிப்பிட்டு, 15 நாள் அவகாசம் கொடுங்கள். திட்டவேண்டாம், மிரட்டவேண்டாம். பதிலில் சிறுத்தைக் கதையை அவர் எழுத்தில் கொடுத்தால் பிறகு மூன்றாவதாக ஒரு கதைக்கு மாற முடியாது. காப்பகத்தின் பெயர்ப் பலகை மட்டும் பார்த்து நோட்டீஸ் அனுப்பாமல், நடத்துபவர் பெயரையும் சேருங்கள். தொழில் உரிமம் யார் பெயரில் இருக்கிறது, இருக்கிறதா என்பதையே அந்த உள்ளாட்சி அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம்.

மனு ஏற்கப்பட்டு நோட்டீஸ் போனதும் எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தரவேண்டும், அதிகபட்சம் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகத்தான் ஆகும், ஒரு வருஷத்துக்கும் மேல் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

எவ்வளவு கேட்பது? பில் இருக்கும் செலவு முழுவதும், கோவைக்கு வண்டி வைத்த செலவு, இனி ஆகப்போகும் செலவுக்கு டாக்டர் எழுதிய மதிப்பீடு, 3,600 கட்டணம், இவை ஒரு பக்கம். மன உளைச்சலுக்குத் தனியாகக் கேட்கலாம். லக்னோ வளர்ச்சி ஆணையம் சம்பந்தப்பட்ட வழக்கில் 1993-லேயே, நஷ்ட ஈடு என்பதில் மன வேதனையும் அலைக்கழிப்பும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் விஷயத்தில் மன உளைச்சலுக்கு 50,000 ரூபாயும் வழக்குச் செலவுக்கு 10,000 ரூபாயும் கேட்பது நியாயமாக இருக்கும். பத்து லட்சம் கேளுங்கள், அப்போதுதான் ஒரு லட்சமாவது வரும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். மிகைப்படுத்திய ஒரு தொகை, உண்மையான பில்களின் மேலும் சந்தேகத்தைக் கொண்டுவந்துவிடும். உத்தரவு வந்த பிறகும் பணம் தராவிட்டால் ஒரு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம் என்று 72-வது பிரிவு இருக்கிறது. ஆகவே தீர்ப்பு வெறும் காகிதமாகப் போய்விடாது.

இடையில் அவர் சமாதானத்துக்கு வந்தால் கதவைச் சாத்தவேண்டாம். சிகிச்சைச் செலவு முழுவதையும் தந்து, அடிபட்டதைச் சொல்லாமல் விட்டது தவறு என்று எழுத்தில் ஒப்புக்கொண்டால், மன உளைச்சல் தொகையை விட்டுக்கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்பதுதான் என் அபிப்பிராயம். ஆணையமே சமரசத்துக்கு அனுப்பவும் சட்டத்தில் இடமிருக்கிறது. பாதிப் பணத்துக்கு மட்டும் இறங்கிவிடாதீர்கள். கூகுளில் ரிவ்யூ போடுவதை நோட்டீஸ் போய்ப் பதில் வரும் வரைக்கும் தள்ளி வையுங்கள். அப்புறம் போட்டாலும், நடந்ததை மட்டும், உங்களிடம் ஆதாரம் உள்ளதை மட்டும் எழுதுங்கள். ‘நாயைக் கொடுமைப்படுத்துகிறார்கள்’ என்பது போன்ற வார்த்தை உங்கள் மேல் அவதூறு வழக்குக்கு வழி செய்யும்.

இதே நிலைமையில் இருக்கும் மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. சுற்றுலா வந்த இடத்தில், கொடைக்கானலிலோ ஊட்டியிலோ, காப்பகத்தில் விட்டு இப்படி நடந்தால், வழக்குக்காகத் திண்டுக்கல்லுக்கோ உதகைக்கோ அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போட 2019 சட்டத்தின் 34-வது பிரிவு இடம் தருகிறது. தெரிந்தவர் காசு வாங்காமல் பார்த்துக்கொண்ட இடத்தில் நடந்திருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் கவனக் கடமை அவருக்கும் உண்டு என்றாலும், அதற்கு சிவில் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும்.

பிளேட் வைத்த காலுக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்தில் மறுபடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருப்பார்கள். நோட்டீஸை அதற்காக நிறுத்தி வைக்கவேண்டாம், ‘தொடரும் செலவு தனி’ என்று ஒரு வரி சேர்த்து இப்போதே அனுப்புங்கள். மனுவை மட்டும் அந்த எக்ஸ்ரே முடிந்த பிறகு போடுங்கள். கால் முழுசாகக் கூடியதா, நொண்டல் நிற்குமா என்பது அப்போதுதான் தெரியும், நிற்குமென்றால் அதையும் டாக்டரிடம் எழுதி வாங்கி மனுவில் சேர்க்கவேண்டும்.